அட்லஸ் ஹவுஸ் கடைக்காரர்

1862 ஜூன் மாதம் கென்ட் அணியும் சசெக்ஸ் அணியும் மோதிய ஆட்டத்தில் ஜோசப் வெல்ஸ் என்ற பந்துவீச்சாளர் அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு பேரை வெளியேற்றினார். முதல்தர கிரிக்கெட்டில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பந்து வீச விதிகள் அனுமதிக்காத காலம் அது. அந்த அனுமதி 1864இல்தான் கிடைத்தது. ஆட்டமிழந்த நால்வரில் ஒருவர் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினுடைய அண்ணனின் பேரன்.

ஆட்டம் முடிந்து ஜோசப் திரும்பிப் போனது ஒரு பீங்கான் கடைக்கு. லண்டனுக்குத் தென்கிழக்கே, அக்காலத்தில் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பிராம்லி ஊரின் கடைத்தெருவில் 47ஆம் எண் கட்டடம். விளக்கு ஒன்றைத் தாங்கி நிற்கும் அட்லஸ் பொம்மை கடைச் சன்னலில் இருந்ததால் அந்த வீட்டுக்கு அட்லஸ் ஹவுஸ் என்று பெயர். முன்பக்கம் கடை, கீழே நிலவறையில் சமையலறை, பின்னால் சிறு முற்றம். அங்கேதான் 1866 செப்டம்பர் 21 அன்று அவருடைய கடைசி மகன் பிறந்தான். காலத்தில் பின்னும் முன்னும் பயணம் செய்யும் இயந்திரத்தைக் கற்பனை செய்து உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் அந்தப் பிள்ளைதான்.

மகன் புகழ் பெற்றதால் தந்தையின் வாழ்க்கையும் பேசப்பட்டது. மற்றபடி ஜோசப் வெல்ஸ், விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான சில்லறை வியாபாரிகளில் ஒருவர். மளிகைக்காரர், செருப்புத் தைப்பவர், குழாய் வேலைக்காரர், துணிக்கடைக்காரர் என்று தம் முன்னோரில் ஒருவரைத் தேடிப் போகும் இன்றைய ஆங்கிலேயர்கள் புரட்டுவதும் அவரைப் போன்றவர்களைக் குறித்த அதே ஆவணங்களைத்தான். அந்தக் காகிதங்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. கடைக்காரர் தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்தது மிகக் குறைவு. பெரும்பாலானவை அவரிடம் ஏதோ ஒன்று வேண்டியிருந்தவர்கள் எழுதியவை: வரி வேண்டிய நகரசபை, தலை எண்ண வேண்டிய அரசாங்கம், வாக்கு வேண்டிய வேட்பாளர், பாக்கி வசூலிக்க வேண்டிய கடன்காரர். எழுதியவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் படித்தால், காகிதம் பொய் சொல்லாமலே நம்மை ஏமாற்றிவிடும்.

பிறந்த நாள் இல்லாத பிறப்பு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசாங்கமே பதிவு செய்யத் தொடங்கிய நாள் 1837 ஜூலை 1. ஸ்காட்லாந்தில் அது 1855இல் வந்தது. ஜோசப் வெல்ஸ் 1828இல் கென்ட்டின் பென்ஸ்ஹர்ஸ்ட் பகுதியில் பிறந்தவர். ஆகவே அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்க வழியில்லை. அவரைத் தேடுகிறவர் போக வேண்டியது தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு.

பாதிரியார் குறித்தது குழந்தைக்கு ஞானஸ்நானம் தந்த நாளை. பிறந்த நாளை எழுத வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. இதற்கு நல்ல உதாரணம் தாமஸ் கிராப்பர். லண்டன் செல்சியாவில் கழிப்பறைச் சாதனங்கள் செய்து விற்று, அரச குடும்பத்தின் சான்றும் பெற்ற குழாய் வேலை வல்லுநர் அவர். யார்க்‌ஷயரின் தார்ன் ஊரில் 1836 செப்டம்பர் 28 அன்று ஞானஸ்நானம் பெற்றார் என்பது பதிவில் இருக்கிறது. எந்த நாளில் பிறந்தார் என்பதற்குப் பதிவு இல்லை. இன்னும் ஓராண்டு கழித்துப் பிறந்திருந்தால் அரசுப் பதிவேட்டில் அந்தத் தேதி ஏறியிருக்க வாய்ப்புண்டு.

அப்போதும் வாய்ப்புதான், உறுதி இல்லை. தொடக்க காலத்தில் பிறப்பைப் பதிவு செய்யும் பொறுப்பு பதிவாளரிடம் இருந்ததே தவிர, பெற்றோர் தாமாக வந்து தெரிவிக்க வேண்டும் என்ற நெருக்குதல் இல்லை. தெரிவிக்கத் தவறினால் அபராதம் என்ற ஏற்பாடு 1875இலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் விடுபட்ட குழந்தைகள் பலர்.

தேவாலயப் பதிவேட்டுக்கு ஒரு தனிப் பயனும் உண்டு. 1812ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1813 முதல் ஞானஸ்நானப் பதிவுகள் அச்சிட்ட படிவத்தில் எழுதப்பட்டன. அதில் தந்தையின் தொழிலுக்கென்றே ஒரு கட்டம் இருந்தது. ஒருவருக்கு எட்டுப் பிள்ளைகள் என்றால், இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் அவருடைய தொழிலும் வசிப்பிடமும் எட்டு முறை பதிவாகியிருக்கும். கூலிக்கு வேலை பார்த்தவர் எப்போது சொந்தக் கடை வைத்தார், எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு மாறினார் என்பதையெல்லாம் அவருடைய பிள்ளைகளின் வரிசையிலிருந்தே கணித்துவிடலாம்.

ஜோசப்பைத் தேடுகிறவருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவருடைய தந்தையின் பெயரும் ஜோசப் வெல்ஸ்தான். தந்தை பென்ஸ்ஹர்ஸ்ட் பிரபு மாளிகையில் தலைமைத் தோட்டக்காரர். மகனும் முதலில் தோட்ட வேலைதான் பழகினார். ஒரே மாவட்டம், ஒரே பெயர், ஒரே தொழில், இரண்டு பேர். வயதையும் வீட்டாரின் பெயர்களையும் சேர்த்துப் பார்க்காமல் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், அப்பாவின் வாழ்க்கையில் பாதியை மகன் தலையில் கட்டிவிடுவோம். குலவரலாறு தேடுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

தோட்டக்காரரா, கடைக்காரரா?

1851இல் ஜோசப் சசெக்ஸில் உள்ள அப்பார்க் மாளிகைக்குத் தோட்டக்காரராகப் போனார். அங்கே எஜமானியின் தனிப் பணிப்பெண்ணாக இருந்தவர் சாரா நீல், மிட்ஹர்ஸ்ட் ஊரின் விடுதிக்காரர் மகள். இருவரும் 1853 நவம்பர் 22 அன்று திருமணம் செய்துகொண்டார்கள். எங்கே? கென்ட்டிலும் இல்லை, சசெக்ஸிலும் இல்லை. லண்டன் நகரத்துக்குள் கோல்மன் தெருவிலிருந்த புனித ஸ்டீபன் தேவாலயத்தில். மணமகளின் ஊர், மணமகனின் ஊர் என்று இரண்டு இடத்தை மட்டும் தேடுகிறவருக்கு இந்தத் திருமணம் கண்ணிலேயே படாது. வேலைக்காகப் பெயர்ந்துகொண்டே இருந்தவர்கள், அந்தச் சமயத்தில் எங்கே தங்கியிருந்தார்களோ அங்கேயே மணம் முடித்தார்கள்.

அந்தத் தேவாலயம் 1940 இறுதியில் ஜெர்மானியர் போட்ட குண்டுகளுக்கு இரையானது. ஆனால் 1837க்குப் பிந்தைய திருமணங்களை இரண்டு பதிவேடுகளில் எழுத வேண்டும் என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகலைத் தலைமைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்றும் விதி இருந்தது. கட்டடம் எரிந்தாலும் பதிவு பிழைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

திருமணச் சான்றிதழ் பல செய்திகளை ஒரே வரியில் அடக்கிவிடும். மணமக்களின் வயது, தொழில், வசிப்பிடம், இருவருடைய தந்தையரின் பெயர், தொழில், சாட்சிகளின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டிருப்பார். நம் ஊர்க் கைநாட்டுக்கு அது சமம். வயதை அப்படியே நம்புவதற்கில்லை; பெற்றோர் சம்மதம் தேவைப்படாத வயதைக் காட்டுவதற்காக இரண்டு ஆண்டு கூட்டியவர்கள் உண்டு. தந்தையின் தொழிலும் அப்படித்தான். சம்பந்தி வீட்டார் முன்னிலையில் கொத்தனார் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்துவிடுவார்.

திருமணமான இரண்டே ஆண்டில், 1855இல், ஜோசப்பின் தோட்ட வேலை போயிற்று. பிராம்லியில் பீங்கான் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் அதைக் கைமாற்றிவிட விரும்பினார். ஜோசப் வாங்கினார். வியாபாரம் பழகாதவர் வியாபாரி ஆனது இப்படித்தான்.

இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. நம் முன்னோர் செருப்புத் தைப்பவர் என்று குடும்பத்தில் சொல்லிக் கேட்டவர், பதிவேட்டில் தோட்டக்காரர் என்று பார்த்ததும் ஆள் வேறு என்று ஒதுக்கிவிடுவார். ஜோசப் வெல்ஸை அப்படி ஒதுக்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். 1853இல் தோட்டக்காரர், 1855இல் பீங்கான் வியாபாரி, 1862இல் காசுக்குப் பந்து வீசும் ஆட்டக்காரர் மூவரும் ஒரே மனிதர். விக்டோரியா காலத்துச் சிறு வியாபாரிகளில் பலருக்குத் தொழில் ஒன்றாக இருந்ததில்லை. எது கைகொடுத்ததோ அதைச் செய்தார்கள்.

தலைக்கணக்கும் டைரக்டரியும்

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் தேடுகிறவர்களுக்கு முதுகெலும்பு. 1841 ஜூன் 6 இரவு எடுத்த கணக்கில் ஆட்களின் பெயர் முதன்முறையாக நாடு முழுக்கப் பதிவாகிக் காப்பாற்றப்பட்டது. ஆனால் அதில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 49 வயதுக்காரர் 45 என்று இருப்பார். பிறந்த ஊருக்குப் பதிலாக, இதே மாவட்டத்தில் பிறந்தவரா என்ற கேள்வி மட்டும் இருந்தது. 1851 மார்ச் 30 கணக்கெடுப்பில் சரியான வயதும், பிறந்த ஊரும், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் சேர்ந்தன. சொந்தமாகத் தொழில் நடத்தியவர்கள் எத்தனை ஆட்களை வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லும்படி கேட்டார்கள். ஒரு தச்சர் மூன்று ஆட்களோடும் ஒரு பயிற்சிப் பையனோடும் இருந்தாரா, தனியாளாக இழைத்துக்கொண்டிருந்தாரா என்பது அந்த ஒரு குறிப்பில் தெரிந்துவிடும்.

இன்று திரையில் பார்க்கக் கிடைக்கும் 19ஆம் நூற்றாண்டுப் பக்கங்கள் வீட்டுக்காரர் நிரப்பிய தாள்கள் அல்ல. அந்தத் தாள்களைக் கணக்கெடுப்பாளர் வாங்கித் தம் புத்தகத்தில் பெயர்த்து எழுதினார். மூலத் தாள்கள் பிறகு அழிக்கப்பட்டன. கேட்டு எழுதியதில் ஒரு பிழை, பார்த்து எழுதியதில் இன்னொரு பிழை என்று இரண்டு சல்லடை தாண்டித்தான் பெயர் நம்மிடம் வருகிறது. வீட்டுக்காரரே எழுதிய தாளை நாம் பார்க்க முடிவது 1911 கணக்கெடுப்பில்தான். இங்கிலாந்து, வேல்ஸின் 1931ஆம் ஆண்டுக் கணக்கு முழுவதும் 1942இல் தீயில் போய்விட்டது.

கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட பத்தாண்டுகளை நிரப்ப வியாபார டைரக்டரிகள் உதவும். பிகட், ஒயிட், கெல்லி ஆகியோர் வெளியிட்ட தடித்த புத்தகங்கள் இவை. லண்டன் தபால் அலுவலக டைரக்டரியை நடத்திய ஃபிரடெரிக் கெல்லி தபால் துறை அதிகாரி. கடிதம் கொடுக்கப் போகும் தபால்காரர்களையே தகவல் திரட்டவும் பயன்படுத்தியதால் அவர்மேல் புகார் எழுந்தது. டைரக்டரிகள் விற்பனைக்காக அச்சிடப்பட்டவை. தெருவில் பலகை மாட்டிய கடைக்கு அதில் இடம் உண்டு. வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவருக்கு இடம் கிடைப்பது அரிது. அச்சேறும்போதே சில தகவல்கள் ஓராண்டு பழையதாகியிருக்கும். டைரக்டரியில் ஒருவர் பெயர் மறைந்தால் அவர் இறந்துவிட்டார் என்று பொருளல்ல.

இப்போது பிராம்லிக்குத் திரும்பலாம். ஜோசப் வெல்ஸ் 1855 முதல் 1887 வரை 32 ஆண்டுகள் அதே கடையில் இருந்தார். முகவரியையும் தொழிலையும் மட்டும் ஆண்டுவாரியாகத் தொடர்ந்து பார்க்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்? நிலைத்த வியாபாரம், மரியாதையான குடும்பம், ஊரில் வேரூன்றியவர் என்றுதான். 1858இல் பிராம்லிக்கு ரயில் வந்தது. ஊர் வளர்ந்தது, ஜனம் பெருகியது. கடையும் வளர்ந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு.

உண்மை வேறு. கடையில் சரக்கு தேங்கியது. வசதி படைத்தவர்கள் ரயிலேறி லண்டனில் வாங்கினார்கள். பீங்கானோடு கிரிக்கெட் மட்டைகளும் பந்துகளும் விற்றும், கோடையில் பந்து வீசிச் சம்பாதித்தும்தான் குடும்பம் ஓடியது. 1877இல் ஏணியிலிருந்து விழுந்து ஜோசப்பின் தொடை எலும்பு முறிந்தது. அத்தோடு ஆட்டம் போயிற்று, ஆட்டத்தால் வந்த காசும் போயிற்று. இவை எதுவும் தலைக்கணக்கிலோ டைரக்டரியிலோ ஏற வழியில்லை. கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான் அவற்றுக்கு வேண்டும்; கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்பது வேண்டாம்.

கடன் பட்டவர் கண்ணில் படுவார்

ஒரு வியாபாரி நொடித்துப் போனால்தான் அவரைப் பற்றி நிறையத் தெரியவரும் என்பது ஆவணங்களின் விசித்திரம். நன்றாக நடந்த கடையின் பேரேடு எடைக்குப் போயிருக்கும். மஞ்சள் கடுதாசி கொடுத்தவரின் விவரமோ அரசிதழில் அச்சாகியிருக்கும். 1665 முதல் வெளிவரும் லண்டன் கெஜட்டில் கடனாளிகளின் பட்டியல் தொடர்ந்து வந்தது. தற்போதைய முகவரி, அதற்கு முந்தைய முகவரி, அதற்கும் முந்தையது, ஒவ்வொரு இடத்திலும் பார்த்த தொழில், தொழில் கூட்டாளி யார் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். கடன் கொடுத்தவர்கள் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது, நூற்றைம்பது ஆண்டு கழித்துக் கொள்ளுப்பேரனுக்கு உதவுகிறது.

இதையும் நிதானித்துத்தான் படிக்க வேண்டும். 1861 வரை, சட்டத்தின் கண்ணில் வியாபாரி என்ற தகுதி உள்ளவருக்கு மட்டுமே திவால் நடைமுறை பொருந்தியது. மற்றவர்கள் கடனடைக்க வழியற்றவர்கள் என்ற வேறு பிரிவில் வந்தார்கள். அவர்களுக்குக் கடனாளிச் சிறை காத்திருந்தது. அதனால் திவால் அறிவிப்பில் வியாபாரி என்ற அடைமொழியைச் சேர்ப்பது வழக்கமாயிற்று. அந்த அடைமொழியை மட்டும் வைத்து நம் முன்னோர் பெரிய வணிகர் என்று பெருமைப்பட முடியாது. கடனுக்காகச் சிறையில் அடைப்பது பெருமளவு நின்றது 1869ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு.

வாக்களித்த விவரமும் கிடைக்கும். 1832 சீர்திருத்தத்துக்குப் பின் நகரங்களில் ஆண்டு மதிப்பு 10 பவுண்டு உள்ள வீடோ கடையோ வைத்திருந்த ஆண்களுக்கு வாக்கு வந்தது. 1872இல் ரகசிய வாக்கெடுப்பு வரும் வரை, யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை அச்சிட்டே விற்றார்கள். கசாப்புக் கடைக்காரர் எந்தக் கட்சி என்பதை வாடிக்கையாளர் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். ஆகவே அந்தப் பட்டியலில் இருக்கும் வாக்கு கடைக்காரரின் கொள்கையா, அவருடைய பெரிய வாடிக்கையாளரின் கொள்கையா என்பது விவாதத்துக்குரியது.

உயில் ஆவணங்கள் 1858 ஜனவரியில் தேவாலய நீதிமன்றங்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தன. அதிலிருந்து ஆண்டுதோறும் அச்சான அட்டவணையில் இறந்தவரின் பெயர், தொழில், இறந்த நாள், இடம், சொத்தை நிர்வகிப்பவர், சொத்து மதிப்பு எல்லாம் கிடைக்கும். 1898 வரை அந்த மதிப்பில் நிலமும் கட்டடமும் சேரவில்லை. நான்கு வீடு வைத்திருந்தவர் அட்டவணையில் ஏழையாகத் தெரியலாம். கணவனின் அனுமதியின்றி மனைவி உயில் எழுத முடியாத நிலையும் பெருமளவு 1882 வரை நீடித்தது. அதனால் கடைக்காரர்களின் மனைவிமார் இந்த அட்டவணையில் அபூர்வம்.

குடும்பங்கள் சொல்லிவரும் கதைகளைச் சரிபார்ப்பதற்கும் இத்தகைய அரசுப் பதிவுகள்தான் உரைகல். தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையைக் கண்டுபிடித்தவர் தாமஸ் கிராப்பர் என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக இருக்கிறது. காப்புரிமைப் பதிவுகள் அதை ஏற்பதில்லை. அலெக்சாண்டர் கம்மிங் அதற்குக் காப்புரிமை பெற்றது 1775இல். கிராப்பர் பிறப்பதற்கு 61 ஆண்டு முன்பு. கிராப்பர் பெயரில் காப்புரிமைகள் உண்டு. அவை குழாய், வடிகால் முதலியவற்றில் செய்த மேம்பாடுகளுக்கானவை. அவர் சர் பட்டம் பெற்றதும் கட்டுக்கதை. அதற்காக அவர் சிறியவர் ஆகிவிடவில்லை. அண்ணனிடம் தொழில் பழகி, 1861இல் சொந்தக் கடை தொடங்கி, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் வடிகால் மூடிகளில் பெயர் பொறிக்கும் அளவுக்கு உயர்ந்தவர். கட்டுக்கதையை விலக்கினால் தெரியும் தொழிலாளி இன்னும் சுவாரசியமானவர்.

சாராவின் டைரி

ஜோசப் வெல்ஸின் கடை நொடித்தது நமக்கு எப்படித் தெரிகிறது? அவர் மனைவி டைரி எழுதினார். எச்.ஜி. வெல்ஸ் 1934இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அந்த டைரியிலிருந்து பகுதிகளைச் சேர்த்தார்.

சாரா 1822இல் பிறந்தவர்; கணவரைவிட வயதில் மூத்தவர். தையல் கற்று, மாளிகையில் எஜமானியின் அருகிலேயே இருந்து ஒழுங்கும் தூய்மையும் பழகியவர். பிராம்லி வீடு அவருக்குத் தண்டனையாக இருந்தது. இருண்ட நிலவறைச் சமையலறை, சுமந்து ஏறி இறங்க வேண்டிய படிக்கட்டு, பின்னால் கசாப்புக் கடைக்காரரின் முற்றம். கணவர் கிரிக்கெட்டுக்குப் போகும் நாள்களில் கடையைப் பார்த்தவர், பிள்ளைகளை வளர்த்தவர், பாத்திரம் துலக்கியவர் எல்லாம் அவர்தான். மகள் ஃபேனி 1864இல் இறந்தாள். அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவில்லை.

1880இல் அப்பார்க்கிலிருந்து அழைப்பு வந்தது. பழைய எஜமானி இப்போது மாளிகையின் உரிமையாளர்; சாராவை மாளிகையின் நிர்வாகியாக வரச் சொன்னார். சாரா போனார். ஜோசப் கடையிலேயே தங்கினார். 1881 ஏப்ரல் 3 இரவு தலைக்கணக்கு எடுத்தபோது கணவன் கென்ட்டில் கடைக்காரர், மனைவி சசெக்ஸில் சம்பளக்காரி. காகிதத்தை மட்டும் பார்ப்பவர் பிரிந்துபோன தம்பதி என்று எழுதிவிடுவார். பிழைப்புக்காகப் பிரிந்து இருந்தவர்கள் அவர்கள். 1887இல் கடையை மூடிய ஜோசப், அப்பார்க்குக்குப் பக்கத்திலேயே நைவுட்ஸ் என்ற இடத்தில் ஒரு சிறு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 1893இல் சாராவின் வேலை போனதும் இருவரும் மீண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள்.

டைரியை மட்டும் நம்பினாலும் தவறு நேரும். அலுத்துப்போன நாள்களில்தான் மனம் காகிதத்தைத் தேடும். நிம்மதியாகக் கழிந்த நாள்கள் எழுதப்படாமலே போகும். மகனுடைய தன்வரலாறும் 68 வயதில், புகழின் உச்சியிலிருந்து திரும்பிப் பார்த்து எழுதியது. அவர் எழுதிய 'கிப்ஸ்', 'மிஸ்டர் பாலியின் வரலாறு' நாவல்களில் கடைச் சிப்பந்திகளும் நொடித்த கடைக்காரர்களும் உயிரோடு உலவுகிறார்கள். அவற்றிலிருந்து தகப்பனாரின் கணக்கை எடுக்கக் கூடாது. நாவல் சாட்சி சொல்லக் கடமைப்பட்டதல்ல. டைரி, தன்வரலாறு, ஸ்கோர் அட்டை, அரசுப் பதிவு நான்கையும் எதிரெதிரே வைக்கும்போதுதான் ஜோசப் முழு மனிதராகிறார். ஊரில் பந்துவீச்சுக்குப் பெயர் பெற்றவர், புத்தகம் படிக்கும் பழக்கம் உள்ளவர், வியாபாரம் செய்யத் தெரியாதவர்.

பயிற்சிப் பத்திரம்

பழைய வியாபாரக் குடும்பங்களின் பெட்டிகளில் அடிக்கடி அகப்படும் ஒரு காகிதம், தொழில் பழகுவதற்காகப் பையனை ஒப்படைத்த பத்திரம். 1710 முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தப் பத்திரங்களுக்கு முத்திரை வரி இருந்ததால் அரசிடம் பட்டியல் இருக்கிறது. பயிற்சி முடிக்காமல் தொழில் செய்யக் கூடாது என்ற பழைய சட்டம் 1814இல் நீக்கப்பட்டது. விக்டோரியா காலத்தில் அது குடும்பத்துக்கும் முதலாளிக்கும் இடையிலான ஏற்பாடாகவே பெரும்பாலும் முடிந்துவிட்டது. பத்திரம் தொலைந்தால் தகவலும் தொலைந்தது போலத்தான்.

அதன் வாசகம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வந்தது. பையன் சூதாடக் கூடாது, மதுக்கடைக்குப் போகக் கூடாது, காலம் முடியுமுன் கல்யாணம் செய்யக் கூடாது. முதலாளி தொழில் கற்றுக்கொடுத்து, சோறும் இடமும் தர வேண்டும். முதலாளிக்குத் தர வேண்டிய தொகையைக் கவனித்தால் குடும்பத்தின் நிலைமை தெரியும்.

சாராவுக்குத் துணிக்கடை வேலைமேல் பெரிய நம்பிக்கை. பிள்ளைகள் மூவரையும் அதற்கே அனுப்பினார். கடைசி மகன் 1880இல் வின்ட்சரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்து நிலைக்கவில்லை. பிறகு 1881இல் சவுத்சீயில் இன்னொரு கடை. 1883இல் பத்திரக் காலம் முடியுமுன்பே அதையும் விட்டு வெளியேறினார். மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்து, படித்து, எழுத்தாளரானார். மூத்த மகன் ஃபிராங்கும் துணிக்கடையை உதறிவிட்டு ஊர் ஊராகக் கடிகாரம் பழுது பார்த்தார். இரண்டு தலைமுறையில் தோட்டம், பீங்கான், கிரிக்கெட், துணி, கடிகாரம், எழுத்து. பரம்பரைத் தொழில் என்ற சொல் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாது.

சாரா 1905இலும் ஜோசப் 1910இலும் ஹாம்ப்ஷயரின் லிஸ் கிராமத்தில் காலமானார்கள்.

தேடுகிறவர்களுக்கு

முன்னோரைத் தேடுகிறவர் இறப்பிலிருந்து தொடங்கிப் பிறப்பை நோக்கிப் பின்னே போவது நல்லது. கடைசியாகத் தெரிந்த முகவரி, அதற்கு முந்தைய கணக்கெடுப்பு, அதிலிருந்து திருமணம், திருமணத்திலிருந்து தந்தையின் தொழில் என்று ஒவ்வொரு படியும் அடுத்ததைக் காட்டும். இடையில் ஒரு படி விட்டுத் தாவினால் யாரோ ஒருவருடைய குடும்பத்துக்குள் போய் நிற்போம். ஒவ்வொரு காகிதத்தையும் யார் எழுதினார், யாருக்காக எழுதினார், நிகழ்ச்சி நடந்து எத்தனை நாள் கழித்து எழுதினார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே புகைப்படங்களின் பின்புறம் பெயர் எழுதி வைத்துக்கொள்வது, எந்த ஆவணக் காப்பகமும் செய்து தர முடியாத வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடையில் நின்ற பெண்ணைத் தேட வேண்டும். 1851 கணக்கெடுப்பு அறிக்கையில் கடைக்காரரின் மனைவி, விடுதிக்காரரின் மனைவி, செருப்புத் தைப்பவரின் மனைவி ஆகியோர் தனித் தொழில் வகைகளாக எண்ணப்பட்டார்கள். தொழிலில் அவர்களுக்குப் பங்குண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்ட காலம் அது. 1881இல் அந்த வகைகளைக் கைவிட்டு, வீட்டு வேலை பார்க்கும் மனைவிமாரைத் தொழில் இல்லாதவர்களோடு சேர்த்தார்கள். உழைப்பு குறையவில்லை, கட்டம்தான் மறைந்தது. பிறப்புப் பதிவுகளின் புதிய இணைய அட்டவணையில் 1837 முதலே தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைச் சேர்த்திருப்பதால், பெண் வழியில் தேடுவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. திருமணப் பதிவில் மட்டும் 1837இல் வகுத்த படிவமே நெடுங்காலம் தொடர்ந்தது: தந்தையின் பெயர், தந்தையின் தொழில், அவ்வளவுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மணமக்களின் தாயார் பெயருக்கு அந்தப் பதிவில் இடம் கிடைத்தது 2021 மே 4 அன்று.